எல்லை தாண்டக் கூடாத எச்சில்

பைகளை நேற்றே கட்டி வைத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். குப்பிகள், கையுறைகள், ஒப்புதல் படிவங்கள், நீலமும் கறுப்புமாக இரண்டு பேனா. நல்லது. மனிதன் எங்கிருந்து வந்தான் என்று கேட்கக் கிளம்புகிறீர்கள். போய் இறங்கியதும் ஊர்க்காரர்கள் உங்களைத்தான் முதலில் கேட்பார்கள், நீங்க எங்கேருந்து வாறிய என்று. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. எனக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று.

இருபத்தாறு வருடம், ஊர் ஊராகப் போய் மரபணு ஆய்வுக்கு எச்சில் வாங்கும் இந்த வேலையில் இருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தென்காசியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒரு பேச்சுக்கு. ஆனி பிறந்து மேற்கிலிருந்து அந்த ஈரக்காற்று இறங்கினால் கால் நிற்பதில்லை. எங்காவது போக வேண்டும் போலிருக்கும். எங்கே என்று கேட்டால் தெரியாது. நம் முன்னோர்களும் இப்படித்தான் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கடலோரமாக நடந்தவர்களில் ஒருவருக்கும் தாம் இடம்பெயர்கிறோம் என்று தெரிந்திருக்காது. அடுத்த ஓடை வரை போனார்கள், அடுத்த பழமரம் வரை, மழை நிற்கும் வரை. குழந்தை பிறந்தது, கிழவர் செத்தார், மறுபடி நடந்தார்கள். அதை வரைபடத்தில் அம்புக்குறியாகப் போட்டது நாம். அம்புக்குறிக்குக் கால் வலிக்காது.

உங்களுக்கு வகுப்பில் சொல்லித்தராத ஒன்றைச் சொல்கிறேன். நான் போன ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு ஆசைகளில் ஒன்று இருந்தது. இந்த மண்ணுக்கு நாங்கள்தான் முதலில் வந்தோம் என்பது ஒன்று. எங்கிருந்தோ குதிரையேறி வந்த அரச வம்சம் நாங்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன சங்கத் தலைவர்களும் உண்டு. எல்லாரையும் போல நாங்களும் நடந்து வந்து சேர்ந்தோம் என்று சொன்ன ஊர் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஊர்களுக்கு இரண்டு ஆசை என்றால் ஆய்வகங்களுக்கு ஒரே ஆசைதான்: பக்கத்து ஆய்வகம் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை பழக்கியவர் ஊரில் இறங்கியதும் எல்லார் முன்னாலும் ஒரு குப்பியைத் திறந்து தானே துப்பிக் காட்டுவார். சிரிப்பு கிளம்பும். "சாருக்கு நல்லா ஊறுதே" என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பிறகு வெட்கம் இருக்காது. வரிசை தானாக நகரும். அவர் போன பிறகு நான் அதைச் செய்யவில்லை. படித்த பெண், கையில் கோப்பு, இஸ்திரி போட்ட கைத்தறிச் சேலை. ஊர் நடுவில் நின்று துப்புவதா? என் கௌரவத்தை நான் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு என்ன விலை என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பண்பொழிக்குப் போகிற வழியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். வாழையும் நெல்லும், தெற்கே ஓடை, மேற்கே மலை, ஊர்க் கோடியில் அம்மன் கோயில், சற்றுத் தள்ளி ஒரு மரமில். எட்டு ஆண்களின் எச்சில் வேண்டும். தகப்பன்வழியில் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கக் கூடாது. மூன்று தலைமுறையாக அதே ஊரில் இருந்திருக்க வேண்டும். ஆணிடம் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒரு குறி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால் பழைய பாதைகள் தெரியும். அது உங்களுக்குத் தெரிந்த கதை.

தேதி ஆடி மாதம். அந்தத் தேதியை எந்த அறிவியலும் குறிக்கவில்லை. எங்கள் பேராசிரியர் குறித்தார். தென்காசிப் பக்கத்து மனிதர்களின் பூர்வீகம் அவருக்குச் சாரல் காலத்தில் மட்டுமே ஆர்வமூட்டியது. குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் தேய்த்த உடம்போடு பார்டர் கடையில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுக்கொண்டு, மனித குலத்தின் பயணத்தைப் பற்றி மிக அழகாகப் பேசுவார். இப்போதும் சொல்வேன், பேச்சில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஊரில் எங்களுக்குத் தொடர்பு சுடலைமுத்து அண்ணாச்சி. கோயில் தர்மகர்த்தா, வாழைத்தோட்டக்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய மரியாதை. போனில் கேட்டபோது உடனே சரி என்றுவிட்டார். நான் போய் இறங்கியதும் நாற்காலி, விசிறி, நன்னாரி சர்பத். கோப்பு வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் அந்த ஊருக்கு டீச்சர். நானும் டீச்சர் ஆனேன்.

குப்பிகளை எடுத்து வெளியில் வைத்தேன். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் வலது மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு இருந்தது. பார்த்தேன். கண்ணால் பார்த்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். என்ன என்று கேட்கவில்லை.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, பொம்பளையாள் முன்னால் ஆம்பளைகள் துப்பினால் நல்லாயிருக்காது, கோயில் மண்டபத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வாங்கி வரச் சொல்கிறேன் என்றார். எனக்கும் அது வசதியாகப் பட்டது. போதாததற்கு நான் ஒன்று சொன்னேன். எட்டுக் குப்பியும் இன்று கிடைத்தாக வேண்டும் அண்ணாச்சி, ஒன்று குறைந்தாலும் மேலே ஏசுவார்கள் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு கவலை வந்து போனது. வீடு தேடி வந்த பெண் தன்னால் ஏச்சு வாங்கக் கூடாது என்ற கவலை. அது எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டாவது சர்பத் முடிவதற்குள் எட்டுக் குப்பிகளும் வந்துவிட்டன. கோடு வரைக்கும் கச்சிதமாக நிரப்பி, மூடி இறுக்கி, துடைத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் அடுக்கி, வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக. பெயர் சொன்னார்கள், எழுதினேன். படிவத்தில் பெருவிரல் ரேகையும் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார்கள். அடியில் ஒரு வரி இருக்கும்: என் முன்னிலையில் பெறப்பட்டது. எட்டு முறை கையெழுத்துப் போட்டேன். சாரல் விழுந்து மை கொஞ்சம் கலைந்தது.

அடுத்த வைகாசியில் சுதா போன் செய்தாள். சுதா எங்கள் ஆய்வு மாணவி. கடையநல்லூர்ப் பக்கம் நெசவுக் குடும்பத்துப் பெண். ஒரு வரி எழுத நூறு கட்டுரை படிப்பாள். உதவித்தொகை புரட்டாசியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். "அக்கா, அந்த ஊர் குப்பியில என்னமோ வந்திருக்கு" என்றாள். குரல் மூச்சு வாங்கியது. எட்டில் ஆறு பேரின் தந்தைவழிக் கிளை இந்தப் பக்கமே கிடையாது. கிழக்கே, சோட்டா நாக்பூர் மலைக்காடுகளில், அதையும் தாண்டித் தென்கிழக்கு ஆசியாவில் கிடைக்கிற கிளை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வாழைத்தோட்டத்துக்கு நடுவில், யாரும் அறியாத ஒரு பழங்கால இடப்பெயர்வு.

பேராசிரியர் அன்று மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. கரும்பலகையில் ஒரு அம்புக்குறி வரைந்தார். அது வங்காள விரிகுடாவைத் தாண்டி, தாமிரபரணி முகத்துவாரத்தில் ஏறி, ஆற்றோடு மேலே போய், மலையடியில் முட்டி நின்றது. "படகில் வந்திருக்கிறார்கள்" என்றார். ஒரு வாரத்தில் படகுக்குப் பாயும் வந்துவிட்டது. சுதாவின் நான்காம் அத்தியாயம் ஆய்வேட்டின் முதுகெலும்பு ஆயிற்று. ஆனி மாதம் குற்றாலத்திலேயே கருத்தரங்கு என்று முடிவாயிற்று. வேறெங்கே? அண்ணாச்சிக்கு மேடையில் பொன்னாடை. செய்தி எப்படியோ முன்னாலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்து, கோயில் வாசலில் பேனர் ஏறிவிட்டது. கடல் தாண்டி வந்த மாவீரர் வம்சம் என்று மேலே எழுதி, கீழே அண்ணாச்சி கைகூப்பி நின்றார். பின்னணியில் ஒரு கப்பல். அதன் பக்கவாட்டில் கன்டெய்னர் பெட்டிகள் தெரிந்தன.

கருத்தரங்குக்கு நான்கு நாள் முன்பு என்னை ஊருக்கு அனுப்பினார்கள். எட்டுப் பேரையும் படம் எடுக்க வேண்டும். உறுதிப்படுத்த இன்னொரு முறை எச்சிலும் வாங்க வேண்டும். முதலில் படம். மாடசாமி, இசக்கி, ஆறுமுகம் என்று படிவத்தில் இருந்த வரிசையில் நிற்க வைத்து எடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. அந்தக் கன்னத்து எலும்பைப் பாருங்கள், அந்தக் கண் ஓரத்து மடிப்பைப் பாருங்கள், கிழக்கு அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். மாடசாமியைத் திரும்பிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கும் கிழக்கு தெரிந்தது. அதுதான் இதில் பயங்கரம். சொல்லிவிட்டால் தெரிந்துவிடுகிறது.

பிறகு குப்பிகளை எடுத்தேன். இந்த முறை கோயில் வாசலிலேயே வரிசையில் நின்றார்கள். மணிக்கட்டுகளில் கயிறு இல்லை. இசக்கி குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்:

"ஏலே, இதுலயா போன தடவ சோமு பயலுவ துப்பிக் குடுத்தானுவ? இவ்ளோ பெருசு. பாவம்லே, நாக்கு வறண்டுருக்கும்."

யாரும் அவனை அடக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.  சோமு யார் என்று கேட்டேன். மரமில்லில் வேலை செய்கிற ஜார்க்கண்ட் ஆட்களின் தலைவன் என்றார்கள். உண்மைப் பெயர் சோம்ரா; ஊர் அவனைச் சோமு ஆக்கியிருந்தது. மில்லில் அப்போது சரியாக எட்டுப் பேர் இருந்தார்களாம். அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். வந்து, மண்டபத்துக்குப் பின்னால் நின்று, துப்பிக் கொடுத்துவிட்டு, வேலைக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். பெயரும் கையெழுத்தும் ஊராருடையது. எச்சில் மட்டும் மில்லுடையது.

அண்ணாச்சியிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

"அன்னைக்கு அம்மன் கோயில் கொடைக்குக் காப்புக் கட்டியிருந்தோம் டீச்சர். காப்புக் கட்டுன ஆளு ஊர் எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாதுல்லா? எச்சின்னா என்ன, அந்த ஆளுதான. அவன் எச்சியக் குப்பியில அடைச்சு நீங்க பஸ்ஸுல கொண்டுபோனியன்னா அவனே தாண்டுன கணக்குல்லா. அம்மன் விடுவாளா?"

"அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

"சொன்னா நீங்க வெறுங்கையா போவிய. மேல ஏசுவாவன்னு நீங்கதான சொன்னிய. வந்த பொம்பளையாளப் பேச்சு வாங்க விட முடியுமா? சோமு ஆளுவளுக்குக் காப்பு கிடையாது. நல்ல பயலுவ, குளிச்சிட்டுத்தான் வந்து துப்புனானுவ."

எச்சிலுக்குள் முழு மனிதன் இருக்கிறான் என்று நிரூபிக்க எங்கள் துறை எத்தனை இயந்திரங்கள் வாங்கியது. அண்ணாச்சிக்கு அது முன்பே தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் கொடுக்கவில்லை. நாங்கள் கண்டுபிடித்த பழங்கால இடப்பெயர்வு, ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில், கழிவறை வாசலில் உட்கார்ந்து, மூன்று நாளில் நடந்து முடிந்திருந்தது.

அண்ணாச்சி யோசித்துவிட்டு, "அப்பம் அந்தப் பேனர என்ன செய்ய?" என்று கேட்டார். 

கோயிலுக்கு வெளியே வந்து சுதாவைத்தான் முதலில் போனில் கூப்பிட்டேன். பேராசிரியரைக் கூப்பிடும் துணிச்சல் இல்லை என்பதால் அல்ல, அவளுடைய மூன்று வருடம் அது என்பதால் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். இரண்டும்தான் காரணம். நடந்ததை எல்லாம் சொன்னேன். கடைசியில், "அக்கா, அப்போ அந்த எட்டுப் பேர்கிட்ட ஒப்புதல் யாரும் கேக்கலையா?" என்றாள். என் கையெழுத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. தன் அத்தியாயத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன். மின்விசிறிச் சத்தம்தான் வந்தது.

பேராசிரியரின் முதல் கேள்வி வேறு: "இது யாருக்கெல்லாம் தெரியும்?" ஊருக்கே தெரியும் என்றேன். ஊர் என்றால் யார் என்றார். ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்கள் எல்லாம் என்றேன்.  பிறகு, அவரைப் பேச்சில் யாரும் மிஞ்ச முடியாது என்று சொன்னேனே, குரல் கனிந்தது. குப்பி பொய் சொல்லவில்லையம்மா, மேலே ஒட்டின பெயர்தான் பொய் சொல்லிவிட்டது என்றார். பெயரை மாற்றிவிடலாம். தென்காசியில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் தொழிலாளர்களிடம் எடுத்தது என்று எழுதலாம். படகும் பாயும் போகும். ஆனால் அத்தியாயம் நிற்கும். சுதா நிமிர்ந்துவிடுவாள். நீங்களும் தப்பித்துவிடுவீர்கள். எட்டுப் பேரிடமும் புதிய ஒப்புதல் வாங்கி வாருங்கள். தேதி மட்டும் போன ஆடி என்று இருக்கட்டும் என்றார்.

இதைப் படித்து நீங்கள் முகம் சுளிப்பீர்கள். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தேதிதானே என்று பட்டது. கொடுத்தவன் கொடுத்துவிட்டான், இப்போது போய்க் கேட்டால் தரமாட்டேன் என்றா சொல்வான்? ஒரு பெண்ணின் மூன்று வருடத்துக்கு எதிரில் ஒரு தேதி. நெருக்கடியில் மனசு இப்படித்தான் சின்னச் சின்ன அளவுகளில் கணக்குப் பார்க்கும். எட்டுப் படிவங்களிலும் போன வருடத்துத் தேதியை நானே எழுதினேன். கறுப்புப் பேனாவால், அழகாக.

மறுநாள் காலை மரமில். தேக்கும் அயனியும் அறுத்த வாசனை, காதைப் பிடுங்கும் ரம்பச் சத்தம், பொன்னிறத் தூள் பறந்து எல்லாரும் ஒரே நிறமாக இருந்தார்கள். சோம்ரா முப்பது வயதிருப்பான். மெலிந்த தோள், காதில் பென்சில். மரத்தில் அளவு குறித்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், இங்கன தூசி, அங்கன நிப்பம்" என்று ஓரமாகக் கூட்டிப்போனான். பேச்சில் அந்த ஊர் ஏறியிருந்தது. மற்றவர்களும் ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். எட்டுப் பேரும் அப்போது அங்கேதான் இருந்தார்கள்.

விளக்கினேன். உங்கள் எச்சிலில் உங்கள் முன்னோர்கள் நடந்த வழி இருக்கிறது, கிழக்கேயிருந்து வந்திருக்கிறார்கள், மிகப் பழைய வழி, அறிவியலுக்கு உதவும் என்றெல்லாம். நன்றாகத்தான் பேசினேன். பேராசிரியரிடம் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். சோம்ரா கேட்டுக்கொண்டான். தன் ஆட்களுக்கு அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான், ஒருவன் சிரித்தான். பிறகு படிவத்தை வாங்கினான். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க அளவு எழுதுகிறவன். எண் அவனுக்குத் தெரியும். பென்சிலால் ஓரிடத்தைத் தொட்டான்.

"இது போன வருசத் தேதில்லா, டீச்சர்?"

ஆமாம் என்றேன். 

"எங்க ஊர்ல நெலத்துக்குக் கையெழுத்து வாங்க வந்தப்பவும் தேதி முன்னாடியே போட்டுட்டுத்தான் வந்தாவ. எங்க அப்பா போட்டுக் குடுத்துட்டாரு. அதான் நான் இங்கன மரம் அறுக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மரத்தின் நீளம் சொல்வதுபோலச் சொன்னான். ஒரு காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கே நின்றேன். ரம்பம் ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் அவனே கேட்டான்.

"அன்னைக்கு அண்ணாச்சி துப்புன்னாரு, துப்புனோம். அவரு ஊரு, நாங்க வேல செய்யுத எடம். யாரும் கேக்கல. இன்னைக்கு நீங்க கேக்கியளா, சொல்லுதியளா?"

"கேட்கிறேன்" என்றேன்.

"கேட்டா வேண்டாம்னும் சொல்லலாம்லா?"

"சொல்லலாம்."

"அப்பம் வேண்டாம்."

ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களும் தலையை அசைத்தார்கள். பிறகு, அந்தக் குப்பிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டான். அழித்துவிடுவோம் என்றேன். அதற்குள் பயம் வந்துவிட்டது அவனுக்கு. வேறு பேரில் துப்பினதற்கு போலீஸ் ஏதும் வருமா, முதலாளி காதுக்குப் போகுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். வராது, தப்பு என்னுடையது என்றேன். நம்பினானா என்று தெரியாது. எனக்கு டீ வாங்கித் தந்தான்.

செங்கோட்டை ரோட்டில் நின்று பேராசிரியருக்குப் போன் செய்தேன். எடுத்ததும் பொன்னாடை என்ன நிறத்தில் வாங்கலாம் என்று கேட்டார்.

"சார், வேண்டாம்னு சொல்லிட்டார்."

"யாரு?"

"எச்சிலுக்குச் சொந்தக்காரர்."

"அவருக்கு இதுல என்னம்மா தெரியும்? எடுத்துச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். புரிஞ்சுக்கிட்டுத்தான் சொன்னார்."

படிவங்களில் என் முன்னிலையில் என்று நான் போட்ட எட்டுக் கையெழுத்தும் பொய் என்று அன்று மதியமே ஒரு பக்கம் எழுதி, நெறிமுறைக் குழுவுக்கும் அவருக்கும் அனுப்பினேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் முன்னால் அனுப்பியிருக்க வேண்டிய பக்கம் அது. மரமில்லில் ஒருவன் எண் படிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் அந்தப் பக்கமே எழுதப்பட்டிருக்காது. என்னைக் களத்திலிருந்து எடுத்துப் பண்டக அறையில் போட்டார்கள். ஒன்றரை வருடம் காலிக் குப்பிகளை அடுக்கினேன். சுதாவின் உதவித்தொகை முடிந்தது. நான்காம் அத்தியாயம் இல்லாமல் புதிதாக ஒன்று எழுத, கடையநல்லூரில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இன்னும் இரண்டு வருடம் பிடித்தது அவளுக்கு. என் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. இருந்தது என்று எழுதுகிறேன். போய்விட்டதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கருத்தரங்கு மட்டும் குறித்த நாளில் நடந்தது. அறைகள் போட்டாயிற்று, அருவியிலும் தண்ணீர் நன்றாக விழுந்தது. பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசினார். தலைப்பு, களத்தில் விழிப்புணர்வு. ஒரு பெரும் பிழையைத் தன் ஆய்வகம் எப்படிக் கூர்மையாகக் கண்டுபிடித்தது என்று சொன்னபோது அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன், பழக்கம். பொன்னாடை வாங்கியாகிவிட்டதால் அதை அண்ணாச்சிக்கே போர்த்தினார்கள். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. கோயில் பேனரை அவர் இறக்கவுமில்லை. கப்பல் பொய்யென்றாலும் படத்தில் தன் மீசை நன்றாக விழுந்திருக்கிறது என்றார்.

ஒரு வாரம் கழித்துக் குப்பிகளை அழிக்கும் நாள். சுதாவும் நானும். அதற்கொரு பதிவேடு உண்டு. குப்பி எண், அழித்த காரணம், கொடுத்தவர் பெயர் என்று கட்டம் போட்டிருக்கும். முதல் குப்பியை எடுத்து அவள் எண்ணை வாசித்தாள். மேலே ஒட்டியிருந்த மாடசாமி என்ற பெயரை அடித்துவிட்டு, சோம்ரா என்று எழுதினேன். அது சோம்ராவுடையதுதானா என்று தெரியாது. எட்டில் ஒன்று அவனுடையது. இரண்டாவது குப்பியை எடுத்தாள்.

"இது யாரு அக்கா?"

பேனா கட்டத்தின் மேலேயே நின்றது. எட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். ஒருவன் சிரித்தான், ஒருவனுக்கு விரலில் கட்டுப் போட்டிருந்தது, ஒருவன் டீ கிளாஸை ஊதி ஊதிக் குடித்தான். ஏழு பேரின் பெயரை நான் கேட்கவே இல்லை. அவர்களுடைய தகப்பனுக்குத் தகப்பனுக்குத் தகப்பன் எந்த மலைக்காட்டில் நடந்தான் என்று எங்கள் கணினியில் இருந்தது.

சுதா கையுறைகளைக் கழற்றி வைத்தாள். கேட்டுட்டு வாங்க, குப்பி காத்திருக்கும் என்றாள்.

அன்றே பஸ் ஏறினேன். தென்காசியில் இறங்கி, பண்பொழி பஸ் பிடித்து, மில் வாசலில் போய் நின்றேன். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னிறத் தூளில் ஆட்கள் குனிந்து நிமிர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியாத முகம். அடுத்தவனும் அப்படித்தான். எல்லாரும் புது ஆட்கள்.

சோம்ராவின் ஆட்கள் எங்கே என்று கேட்டேன். நான்கு நாள் முன்பு கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றான் ஒருவன், அரைத் தமிழில். ஒரு டீச்சரம்மா வந்து காகிதம் நீட்டிவிட்டுப் போனதிலிருந்தே அவர்களுக்கு இங்கே மனசு சரியில்லையாம்.

எந்தப் பக்கம் போனார்கள் என்றேன். அவன் கேரளாவுக்குப் போகும் புளியரைக் கணவாய்ப் பக்கமாக, மேற்கே கையைக் காட்டினான். பக்கத்தில் நின்றவன் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கிழக்கே காட்டினான்.